பின்பாதித் தாள்கள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் இருக்கிறேன். சௌக்கியமா என்று கேட்கவில்லை. கேட்டால் போனில் சொல்கிற அதே "நல்லா இருக்கேன்"தான் வரும். நம் பெண் செய்த காகிதக் கப்பல் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு லைன் சரியில்லாமல் போகிறது. அதனால்தான் கடிதம்.

சமையலறைக் குழாய் ஒருவழியாக ஒழுகுவதை நிறுத்தியது. உங்கள் அக்கா வாரம் ஒரு தடவை வந்து, நான் சாப்பிட்டேனா என்று பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

நம் வாலுப்பெண் செய்துகொண்டிருந்த காகித நீர்மூழ்கிக் கப்பலைப் போன மாதம் கையில் எடுத்தேன். அவள் போனதிலிருந்து பத்து மாதம் அலமாரி மேல் இருந்தது, தூசி தட்டக்கூடத் தொடவில்லை. இன்ஜின் இல்லாத, அந்தக் காலத்துக் கப்பல். ஏழு பேர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைச் சுழற்றி ஓட்டுவார்களாம். மூக்கிலிருந்து நடுப்பகுதி வரை ஒட்டியிருந்தாள். நாலாவது ஆளை உட்கார வைத்த அன்றுதான் காய்ச்சல் வந்தது. பதினைந்து வயசு, ஐந்தே நாள்.

முடித்துவிடலாம் என்று தோன்றியது. வெட்டி ஒட்டுவதற்காக அவள் பிரிண்ட் அடித்து வைத்திருந்த பின்பாதித் தாள்கள் ஃபைலில் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போய் ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் அடித்து வாங்கினேன். வெட்டி, மடித்து, விரலெல்லாம் பசையாகி, இருபது நாளில் வால் வரை வந்துவிட்டேன். எனக்கு இவ்வளவு பொறுமையா என்று சிரித்திருப்பீர்கள். ஆனால் இரண்டு பாதியும் பொருந்தவில்லை. என்னுடையது சுற்றிலும் ஒரு நூல் அளவு சிறியது.

கடைக்காரத் தம்பியிடம் காட்டினேன். தாளுக்குள் அடங்கட்டும் என்று மெஷின் தானாகவே சுருக்கி அடித்துவிட்டதாம். பாவம், முகம் வாடிப்போய், சரியான அளவில் திரும்ப அடித்துத் தருகிறேன் என்றார்.

"வேணாம் தம்பி. அவ அடிச்சு வச்ச தாளே இருக்கு. அவங்க அப்பாகிட்ட இருக்கு," என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவள் போன மறுவாரம் வேலைக்குத் திரும்ப நீங்கள் பெட்டி அடுக்கியபோது, சட்டைகளுக்கு அடியில் அந்தத் தாள்களை வைத்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டேன். இத்தனை மாதம் வாய் திறக்காததற்குக் காரணம் கோபம்தான். தாள்களைக் கூட்டிக்கொண்டு போனீர்கள், என்னை இங்கே விட்டுவிட்டுப் போனீர்கள் என்று.

இப்போது கோபப்படவும் தெம்பில்லை. அவற்றைத் தினமும் எடுத்துப் பார்க்கிறீர்களா, இல்லை, பார்க்க முடியாமல் பெட்டியின் அடியிலேயே வைத்திருக்கிறீர்களா என்றுதான் யோசிக்கிறேன்.

தயவுசெய்து தபாலில் அனுப்பிவிடாதீர்கள். லீவு கேளுங்கள், கொடுக்காவிட்டால் சண்டை போடுங்கள். வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பாதியையும் ஒட்டும்போது பசை காயும் வரை ஒருத்தர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். தனி ஆளால் ஆகாது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அங்கே யாருமில்லாத அறையில் அழ வேண்டாம். இங்கே வந்து அழுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா