இடப்பக்கக் கிளச்சு

இக்கா, நேற்று தம்பி மகனின் புதுக் காரில் முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். கிளச்சே இல்லாத வண்டி. கியர் தானாகவே மாறிக்கொள்ளுமாம். தோப்பும்படியில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் அவன் வேகத்தைக் குறைத்ததும் என் இடது கால் தரையைத் துழாவியது. "என்ன தேடுறீங்க பெரியப்பா?" என்றான். செருப்பு என்று பொய் சொன்னேன்.

உங்கள் காரும் முதலில் அப்படித்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற ஆட்டோமேட்டிக். சிறுவயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன உங்கள் இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. மிளகுத் தரகுக்காக ஆலுவா வரை தனியாகவே ஓட்டிப்போய் வந்தீர்கள். "இதுல உட்கார்ந்தா நான் நொண்டி இல்லை, மாஷே" என்பீர்கள். மட்டாஞ்சேரியில் நீங்கள் எல்லோருக்கும் இக்கா, அண்ணன்; பள்ளிக்கூட வாத்தியார் எல்லோருக்கும் மாஷ்தானே.

எழுபதுகளின் கடைசியில் அந்த கியர்பாக்ஸ் உடைந்தது. மாற்றுச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. அம்பாசடர் கியர்பாக்ஸைப் பொருத்திவிடலாம், ஆனால் கிளச்சு வரும் என்றார் தேவராவில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி. சொல்லிவிட்டு உங்கள் காலைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ வித்துடவா?" என்றீர்கள். உங்கள் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

மேஸ்திரிதான் வழி சொன்னார். டிரைவிங் ஸ்கூல் வண்டிபோல, கிளச்சை இடப்பக்க இருக்கைக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். "சவுட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

உங்களோடு பட்டறைக்கு வந்திருந்த என்னை இருவரும் பார்த்தீர்கள்.

ஒருவர் தையல் மெஷினை மிதிக்க, இன்னொருவர் துணியைத் தள்ளுவது போன்ற வேலை அது. "சவுட்டு" என்றால் மிதிப்பேன். "விடு" என்றால் மெல்ல விடுவேன். வண்டிக்குள் மட்டும் மாஷுக்கு மரியாதை கிடையாது. முதல் வாரமே, பஜார் ரோட்டில் என் மாணவி ஒருத்தி "நமஸ்காரம் மாஷே" என்றாள். பதிலுக்குக் கும்பிட எழுந்தவன், காலையும் தூக்கிவிட்டேன். வண்டி துள்ளிப்போய் இஞ்சி மூட்டைகளில் முட்டியது.

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா? நாளைக்கு ஹாரன் அடிக்க மூணாவது ஆளையும் கூட்டிட்டு வாங்க!" என்று சுமைக்காரர் கத்தினார். நீங்கள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தீர்கள்.

போகப்போகச் சொல்லே தேவைப்படவில்லை. உங்கள் தோள் சற்றே சாய்ந்தால் என் கால் இறங்கும்.

பிறகு எனக்கு ஆலுவாவில் தலைமையாசிரியர் பதவி வந்தது. "காலை மட்டும் இங்கே வச்சுட்டுப் போங்க, மாஷே" என்றீர்கள். ஞாயிறுதோறும் வருவேன் என்றேன். மூன்று ஞாயிறு வந்தேன். அப்புறம் பரீட்சை, கூட்டம், மழை. வேறு யாரையாவது உட்காரவைக்கலாமே என்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்றுதான் மறுபடி உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி ஷெட்டைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை ஆனா போய் வண்டியில உட்காருவாங்க. ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க. அந்த இடப்பக்கத்துக் கதவை மட்டும் திறந்து வச்சிருப்பாங்க."

பஸ்ஸோ ஆட்டோவோ, எஞ்சின் முனகினால் இன்றும் என் இடது கால் இறங்கிவிடுகிறது, இக்கா. "விடு" என்று சொல்ல ஆள் இல்லை. மிதித்தபடியே இருக்கிறேன்.