சல்லடை ஏரியலும் துணி காயப்போடுற கம்பியும்

என்னங்க, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் முதல்ல இதைப் படிங்க. வேலை முடியிற வரைக்கும் உங்க போன் லாக்கர்ல கிடக்கும், அதான் சீட்டு. உட்காரக்கூடச் செய்யாம யூனிஃபாரத்தை அலசிப் போடுற ஆளு நீங்க, அதனால சோப்புத்தூள் டப்பா மேலேயே ஒட்டியிருக்கேன்.

துணி காயப்போடுற கம்பியைத் தொடாதீங்க! கரண்ட் பாயுது.

காலையில ஈரத் துண்டைப் போட்டேன், சுரீர்னு இழுத்துச்சு. தோள் வரைக்கும் இன்னும் மரத்துக் கிடக்கு. பால்கனியில வைஃபை பெட்டிக்குப் பின்னாடி என் சல்லடையைக் கட்டி ஏரியல் பண்ணீங்களே, அந்தப் பெட்டிக்குப் போற கரண்ட் வயரைத் துணிக் கம்பியோட சேர்த்துச் சுத்தியிருக்கீங்க. ஒட்டுப்போட்ட இடத்துல டேப் பிரிஞ்சு தொங்குது. பக்கத்துல பாப்பா நின்னு கிளிப் எடுத்துக் குடுத்துட்டிருந்தா.

பிளக்கைப் பிடுங்கப் பயந்து மெயினையே அணைச்சிட்டேன். பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு நான் வேலைக்குப் போறேன். எலக்ட்ரிஷியன் அண்ணன் மதியம் வருவார், கதவைத் தட்டினா கேக்குற மாதிரி ஹால்லயே படுங்க. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு.

சல்லடைக்காக நேத்து நான் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்ல. போன்ல அம்மா முகம் நின்னு நின்னு வருதுன்னு நான் புலம்பினதாலதானே கட்டினீங்க? நேத்து முகம் தெளிவாத்தான் தெரிஞ்சுது. வீம்புல அதை உங்ககிட்ட சொல்லல.

கரண்ட் இல்லையேன்னு மெயினைப் போட்டுடாதீங்க!!

இன்னொண்ணு. வைஃபை இல்ல, மெசேஜ் வராது. போன் பண்ணுங்க. கோபம் தீரலைன்னா திட்டவாவது செய்யுங்க. உங்க குரலைக் கேட்டாத்தான் எனக்கு வேலை ஓடும்.