பெட்டிக்காரர்கள் கையேடு

மல்லேஸ்வரம், பெங்களூர்
16.1.2002

அன்புள்ள மாணிக்கத்துக்கு,

யாரிடமும் சொல்லாதே. போன ஞாயிற்றுக்கிழமை மாலை நம் பையன் ஷ்ரேயாஸைப் பார்க்க வந்த பெண் வீட்டாரை நான் பதினோரு நிமிடம் இருட்டில் உட்கார வைத்துவிட்டேன். எல்லாம் அந்தப் பெட்டியின் வேலை. ஏழு மணிக்குக் கூடத்து விளக்கை அணைக்கச் சொல்லி நான்தான் எப்போதோ அதற்குக் கட்டளையிட்டிருந்தேன் போலிருக்கிறது. கட்டளையைத் திரும்பப் பெறத் தெரியவில்லை. கரண்ட் போய்விட்டது என்று சொன்னேன். எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் மாமா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு, அப்படியா என்றார். சம்பந்தம் இன்னும் திகையவில்லை.

ஃபாக்டரியில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு முப்பத்தொரு பேர் சேர்ந்து அந்தப் பெட்டியை வாங்கினோமே, விளக்கு, கீஸர், மோட்டார் எல்லாம் தானே போட்டுத் தானே அணைக்கும் என்று? முப்பத்தொரு வீட்டிலும் இதே கதைதான். அதோடு வந்த எட்டுப் பக்க இங்கிலீஷ் புத்தகம் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு மூலையில் பெட்டியை அடக்கி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதினால் நமக்கே ஒரு கையேடு கிடைக்கும். நான் ஊர் கூட்டுகிறேன். எனக்கு அது ஒன்றுதான் வரும். அத்தனை பெட்டிக்கும் ஒயர் இழுத்தவன் நீ. கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தாலும் திருத்தி டைப் அடிக்கும் பொறுப்பு உன்னுடையது. ஈமெயில் வேண்டாம், என் தமிழ் அங்கே கட்டம் கட்டமாக வருகிறதாம்.

கோமளம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சேஷகிரி


கோயம்புத்தூர்
27.1.2002

மரியாதைக்குரிய சார் அவர்களுக்கு,

ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. கடிதத்தைப் படித்து ஷோபாவும் மருமகன் தினேஷும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, உங்கள் வீட்டுக்கு ஒயர் இழுத்தவன் என்ற முறையில்.

வேலையை ஏற்றுக்கொள்கிறேன். இங்கே பேப்பரை இரண்டு தடவை படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு விதி வேண்டும். ஒருவர் எழுதிய பக்கம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பெட்டியைத் தொட்டே பார்க்காதவர் அதைப் படித்துச் செய்ய வேண்டும். எழுதியவர் கூடவே உட்கார்ந்திருக்கலாம், காபி குடிக்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. திறந்தால் பக்கம் தோற்றது, திரும்ப எழுத வேண்டும். விவேக் நகரில் இருக்கும் என் அக்கா தனக்கோடியிடம் போனில் சொன்னேன். கல்யாணம் ஆன பொண்ணு மாப்பிள்ளை போற மாதிரி இருக்குடா, மறுவீடுன்னு பேர் வையி என்றாள்.

நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பது கஷ்டம் என்று தெரியும் சார். மன்னிக்கவும்.

தங்கள்,
ராஜமாணிக்கம்


மல்லேஸ்வரம்
21.5.2002

அன்புள்ள மாணிக்கம்,

உன் விதி நாசமாய்ப் போக. என் பக்கம் மூன்று தடவை தோற்றது. மூன்றாவது மறுவீடு உன் அக்கா வீட்டில். இரண்டாவது வரியிலேயே அவள் சிவப்புப் பட்டனைத் தேட, நான் இருமினேன். இருமலும் பேச்சுதான் என்று தீர்ப்பாகிவிட்டது. "நீங்க சும்மா இருந்தா நா எப்பவோ முடிச்சிருப்பேன் சார்" என்றாள். இருபத்தைந்து வருஷம் சூப்பர்வைசராக இருந்தவனிடம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை. சொல்லாமல் நினைத்திருக்கலாம்.

பெரிய செய்தி கோமளத்துடையது. அவள் எழுதியது மோட்டார் பக்கம். காவிரித் தண்ணீர் வரும் நாளில் தரைக்கடியில் இருக்கும் சம்ப் நிறைந்ததும் பெட்டி மோட்டாரைப் போடுகிறது, மேல் தொட்டி வழிந்தாலும் நிறுத்துவதில்லை. என்ன செய்வது என்பதைப் பற்றி. இதுவரை மளிகைச் சீட்டைத் தவிர அவள் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. ஐந்து தடவை அடித்து எழுதினாள். அதில் ஒரு வரி: "மோட்டார் பக்கத்தில் நின்று யோசிக்க வேண்டாம். முதலில் நிறுத்துங்கள், பிறகு யோசியுங்கள்." தனக்கோடி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே செய்தாள். கோமளம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் நின்றது. ஒரே தடவையில் தேறிய பக்கம் அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள், "பேர் போடுவேளா?"

ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் எழுதியவர் பெயர், ஏரியா, எந்த வீட்டில் தேறியது, எல்லாம் அச்சில் வரும் என்று சொன்னேன். முப்பத்தொரு வீட்டுக்கும் இதே வாக்கைக் கொடுத்திருக்கிறேன். அச்சில் பெயர் பார்க்க எல்லாரும் இப்போதே கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

கட்டு முழுவதையும் ரெஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. உன்னிடம் போவதற்கு எதற்கு ஜெராக்ஸ்.

அன்புடன்,
சேஷகிரி


கோயம்புத்தூர்
8.7.2002

மரியாதைக்குரிய சார்,

கட்டு வந்து சேர்ந்தது. பத்தொன்பது பக்கம் டைப் அடித்தாயிற்று. கோமளம் மாமியின் பக்கத்தில் நான் கை வைக்கவில்லை.

ஒரு சந்தோஷச் செய்தி. நம் பெட்டியைச் செய்யும் கம்பெனி இங்கே ஆபீஸ் போட்டிருக்கிறது. என்னை சர்வீஸ் சூப்பர்வைசராக எடுத்திருக்கிறார்கள். மேஜை, நாற்காலி, ஃபேன். ஐம்பத்து நாலு வயதில் சட்டைப்பையில் கார்டு மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ஷோபாவுக்குச் சிரிப்பு.

டைப் அடித்த பக்கங்களை மேனேஜர் பார்த்தார். ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெயர்களைப் பக்கத்துக்குக் கீழேதான் போட வேண்டுமா, எல்லாம் ஒரே இடத்தில் போட்டால் போதாதா என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எழுதவும்.

தங்கள்,
ராஜமாணிக்கம்


மல்லேஸ்வரம்
2.3.2003

ராஜமாணிக்கத்துக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. உண்மைதான். பெயர் கீழேயா மேலேயா என்பதெல்லாம் ஒரு கேள்வியா என்று விட்டுவிட்டேன். மேனேஜர் எதற்கு அதைக் கேட்கிறார் என்று யோசிக்கும் மூளை எனக்கில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் உன்னிடமிருந்தும் ஒரு கார்டு இல்லை. புது உத்தியோகம், பையன் பிஸி என்று எல்லாரிடமும் உனக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எட்டாவது கிராஸ் தெரு எலக்ட்ரிக் கடையில் புதுப் பெட்டி வந்திருக்கிறது. கூடவே வழவழப்பான தாளில் தமிழ்ப் புத்தகம். முப்பத்தொரு பக்கம். ஒரு எழுத்து மாறவில்லை. என் பக்கத்தில் நான் செய்த தப்புகூட அப்படியே இருக்கிறது. அட்டையில் கம்பெனி முத்திரை. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சிரிக்கிற பல்பு ஒன்று.

வீட்டுக்குக் கொண்டுவந்து கோமளத்திடம் கொடுத்தேன். பதினான்காம் பக்கத்தைப் படித்தாள். பல்பை விரலால் தடவிப் பார்த்தாள். புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஒரு தரம் புரட்டினாள். பிறகு எனக்கு ஆறுதல் சொன்னாள், தெரியுமா உனக்கு? "எனக்கு மட்டும் விடலையே, ஒருத்தருக்குமே போடலையே. போறது போங்கோ." மறுநாளிலிருந்து மோட்டாரைக் கையால்தான் போடுகிறாள். பெட்டிப் பக்கம் போவதில்லை.

நேற்று எங்கள் வீட்டில் எல்லாரையும் கூட்டினேன். புத்தகம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஆளாளுக்குத் தன் பக்கத்தைத் தேடிப் பல்பைப் பார்த்தார்கள். வழக்கமாகக் காபிக்குச் சண்டை போடுகிறவர்கள், ஆறவிட்டுவிட்டுப் போனார்கள். உன்னைக் குழுவிலிருந்து நீக்கத் தீர்மானம். கை தூக்கியவர்களில் உன் அக்காவும் ஒருத்தி.

முப்பத்தொரு கையெழுத்துப் பக்கமும் உன்னிடம் இருக்கிறது. திருப்பி அனுப்பு. வேறொன்றும் வேண்டாம்.

சேஷகிரி


கோயம்புத்தூர்
11.3.2003

மரியாதைக்குரிய சார் அவர்களுக்கு,

கையெழுத்துப் பக்கங்களை இன்று ரெஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நான் செய்தது தப்பு. டைப் அடித்ததை மேனேஜர் மேஜையில் வைத்தது நான். அச்சுக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு உங்களுக்கு எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். வேலையை விட்டுவிட்டு வா என்று நீங்கள் எழுதுவீர்கள், எனக்கு மனசு வராது. அதனால் எழுதவில்லை. அவ்வளவுதான்.

பெயர்களுக்காகச் சண்டை போட்டேன். முப்பத்தொன்றும் முடியாது என்றார்கள். என்னால் முடிந்தது என்ன என்று புத்தகத்தில் இருக்கிறது. முதல் தாளிலிருந்து படிக்க வேண்டும் என்று ஃபாக்டரியில் எங்களுக்குச் சொன்னவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவில்லை சார், சொல்கிறேன்.

சித்திரையில் ஷோபா குழந்தைக்குக் காது குத்து. அக்காவைக் கூப்பிட்டேன். "ஊரையே ஏமாத்தினவன் வீட்டுப் பந்தில நா உக்கார மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள். அம்மாவுக்குப் பிறகு எனக்கு அவள்தான். உங்களுக்குத் தெரியும்.

தங்கள்,
ராஜமாணிக்கம்


மல்லேஸ்வரம்
30.3.2003

ராஜமாணிக்கத்துக்கு,

பக்கங்கள் வந்துவிட்டன. முப்பத்தொன்றும் சரியாக இருக்கின்றன. இந்தத் தடவை ஜெராக்ஸ் போட்டு, பெயர்களோடு, நாங்களே தைத்துவிட்டோம். கோமளத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டேன். பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், அலமாரியில் வைத்துவிட்டாள். ஜெராக்ஸ் வேறு, அச்சு வேறு. அது அவளுக்கும் தெரிகிறது.

இருபத்தைந்து வருஷம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நீ. வெளியாள் ஒருவன் இதைச் செய்திருந்தால் நாலு பேரிடம் கிண்டலாகச் சொல்லி மறந்திருப்பேன். உன்னைப் பற்றிக் கிண்டலாகச் சொல்ல வாய் வரவில்லை. இனி எழுத வேண்டாம். குழந்தைக்கு என் ஆசி.

தனக்கோடி விஷயத்தில் நான் தலையிடுவதாக இல்லை. காது குத்துக்குப் போகலாமா என்று என்னிடம்தான் கேட்டாள். உன் மனசுக்குத் தோன்றுவதைச் செய் என்றேன்.

முதல் தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். படித்தேன். கடை வாசலிலேயே படித்தேன். நன்றி என்று தலைப்புப் போட்டு, கீழே ஒரே ஒரு பெயர், என்னுடையது. புத்தகத்தைக் கோமளத்திடம் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டேன். கூட்டத்தில் கை மாறியதும் அந்தப் பிரதிதான்.

இனிஷியலைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறாய்.

சேஷகிரி