கரடிமடு வரிசை

அன்பு மகள் கோராவுக்கு உன் பெரியப்பா வெர்னன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், சிகாகோவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடந்ததெல்லாம் நான் ஜூன் மாதமே சொன்னதுதான், சவரக்கடை ஹார்லனைக் கேட்டுப் பார். பக்கவாதம் வந்த உன் அப்பா இனி ஆற்றில் இறங்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதும், செப்டம்பர் முடியறதுக்குள்ள என் தம்பி தண்ணியில நிப்பான், நீங்க கரையில நின்னு பாப்பீங்க என்றேன். டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

உன் கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். முதல் உறைபனி விழுந்ததும் நீ வந்து வீட்டைப் பூட்டி, அவனை அங்கே முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாக எழுதிய இடத்தில் கொஞ்சம் இருமினேன். இருமாம படி அண்ணே என்றான். படித்தேன். மறுநாள் காலை நான் காபி குடித்து முடிப்பதற்குள் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு என் டிரக்கில் ஏறி உட்கார்ந்திருந்தான், தூண்டில் கழி மடியில்.

ஆற்றில் கரடிமடுப் பக்கம் இப்போது சால்மன் மீன்கள் முட்டையிட்டுச் செத்து ஒதுங்கும் காலம். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் அம்மா ஈடித் ஞாபகத்துக்கு வந்தாள். இதற்கு நடுவில் உட்கார்ந்து மான்கறி சாண்ட்விச்சை எப்படித்தான் தின்பாளோ. சின்னவளாக இருந்த நீ டிரக்கின் பின்னால் ஸ்டெப்னி டயரில் தலைவைத்துத் தூங்குவாய். ஒருமுறை உன்னைக் கேட்காமல் அப்பா மீனை ஆற்றில் விட்டுவிட்டான் என்று சாயங்காலம் வரை அவனோடு நீ பேசவில்லை. அந்த வருஷம் நான் பிடித்த ஸ்டீல்ஹெட் மீன் உன்னைவிட உயரம், படம் எடுக்கத்தான் ஆளில்லை.

மடுவில் இறங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் உள்ளூர் கிளைடும் வெளியூர்க்காரர் இரண்டு பேரும்; ஒரு சுற்று முடித்து மறுபடி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் உன் அப்பாவை இறக்கி, முதுகுப் பக்கம் கால்சட்டையின் தோள்வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீச்சு அருமை, தூண்டிலில் கட்டிய இறகுப்பூச்சி தண்ணீரில் விழுந்த சத்தமே இல்லை. கால்தான் வரவில்லை. ஒரு வீச்சு, ஒரு அடி கீழே, அதுதானே இந்த ஆற்றில் முறை. உன் அப்பா ஒரே கல்லில் நின்று ஏழு தடவை வீசினான். என்ன லாயிடு, வேர் விட்டுட்டியா, எரு போடட்டுமா என்று கிளைட் கத்தினான். உன் வாயில போடு என்றான் இவன். உடம்பு சரியில்லாதவன்யா இவன், விடு கிளைட், நின்ன இடத்துலயே வீசட்டும் என்று நான் சொன்னேன். அது என் தப்பு. உன் அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். எனக்காக முறைய மாத்தாதே, என்னைக் கரையேத்து என்றான். நூலைச் சுற்றிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் மரக்கட்டைமேல் உட்கார்ந்தான். மூன்று பேரும் மடுவை முடிக்கும்வரை இரண்டு மணி நேரம், காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே.

மறுபடி இறங்கியவன் வீச்சுக்கு ஒரு அடியாக மடு முடியும் வால்வரை போய்விட்டான். அங்கே பிடித்தது பார் ஒரு ஸ்டீல்ஹெட். இருபத்திரண்டு பவுண்டு. நூல் மொத்தத்தையும் உருவிக்கொண்டு கடலுக்கே ஓடப் பார்த்தது, கிளைட் தொப்பியைக் கழற்றிவிட்டான். உன் அப்பா அதைத் தடவிக்கொடுத்து ஆற்றிலேயே விட்டான். இப்படிப்பட்டவனுக்கு முதியோர் இல்லம் எதற்கு மகளே.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளையை அடுப்புப் பக்கம் விடாதே. உறைபனிக்கு வரும்போது இங்கே பத்து நாளாவது தங்குவது போல் வா. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா வெர்னன்

பி.கு. உறையை ஒட்டுமுன் உன் அப்பா வாசித்துக் காட்டச் சொன்னான். மீன் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அவ நம்பிட்டு வந்து என்னை நேர்ல பாத்தா என்ன நினைப்பா, அதை எடுத்துடு என்றான். மீன் வரவில்லை மகளே. மடுவின் வால்வரையும் போகவில்லை. நாலு வீச்சு, நாலு அடி, ஐந்தாவதற்குக் கால் மடங்கிவிட்டது, நானும் கிளைடும் தூக்கிக் கரைசேர்த்தோம். ஆனால் அந்த நாலு அடிக்கும் என் கை அவன்மேல் இல்லை.