திராட்சை ஜூஸ் என்று சொன்னேன்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் மகன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மருமகள் ஒரு வைன் பாட்டிலைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தாள். "உங்களுக்குக் கொஞ்சம் ஊத்தட்டுமா அத்தை? வேணாம்னா பரவால்ல" என்றாள். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். அன்றைக்கு நீ ஊற்றித் தந்ததற்கு அது தூரத்துச் சொந்தம்தான். ஆனாலும் அந்த ஈர மண் வாசனை, பழைய மரப்பெட்டி வாசனை, அடியில் எங்கோ கொஞ்சம் நாவற்பழம். வாயில் வைக்காமலே கீழே வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்றேன். பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வரும் என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்?

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு வரிகூட உனக்கு நான் எழுதியதில்லை. நீ உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நீ ஆரணிக்குத் திரும்பியபோது நமக்கு ஐம்பத்தைந்து வயது. உன் கணவர் புதுச்சேரிக்காரர், பிரான்சில் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு அங்கே தனியாக இருக்கப் பிடிக்காமல் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் வந்து குடியேறினாய். பிள்ளை இல்லை. தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாய். சாயங்காலம் உன் வாசலில் இருபது ஜோடி செருப்பு கிடக்கும்.

பெட்டியில் துணியைவிடப் பத்திரமாக நீ கொண்டுவந்தது மூன்று பாட்டில்கள். கல்யாணமான வருடத்திலிருந்து அவர் நல்ல வைனாகப் பார்த்து வருடத்துக்கு ஒன்று வாங்கி, வீட்டு நிலவறையில் படுக்கவைத்து வந்தாராம்; அவற்றில் மூன்றுதான் இவை. ரிடையர் ஆனதும் ஆரணிக்குப் போவோம், நீ ஓயாமல் பேசுகிற அந்த மூன்று பேரையும் உட்காரவைத்துத் திறப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த மூன்று பேர் உன் சின்ன வயசுத் தோழிகள்: சரளா, பத்மா, நான். எங்களை அவர் பார்த்ததே இல்லை.

நம் ஊர் வெயிலில் அவற்றை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் யோசித்தாய். கடைசியில் பின்கட்டில் உன் அப்பாவின் பழைய தறிக்குழியை மூடியிருந்த பலகையை எடுத்து, உள்ளே மணலைக் கொட்டி நனைத்து, அதில் மூன்றையும் படுக்கவைத்தாய். தக்கை காயக்கூடாது, அதனால் நிற்கவைக்கக்கூடாது என்று எனக்கு விளக்கினாய். தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் தெளிப்பாய். செடிக்கு ஊற்றுவதுபோல் இருக்கும்.

உன் அண்ணன் குடும்பம் படவேட்டுக்குச் சாமி கும்பிடப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டாய். மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். எழுந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரம் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து, யாரோ பரிமாற, சாப்பிட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முதலில் கீரை வடை. அரை மணி கழித்துக் காரம் குறைத்து வறுத்த ஆட்டுக்கறி. சோறு வந்ததே நான்கு மணிக்கு மேல்தான். களம்பூரில் பத்மாவின் புகுந்த வீட்டு மில்லில் அரைத்த அரிசி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேச்சு.

உன் கல்யாண வருடத்துப் பாட்டிலைத் திறக்கும்போது தக்கை உடைந்து தூளாக உள்ளே விழுந்தது. நீ பதறவில்லை. மெல்லிய வெள்ளைத் துணி வைத்து, சொட்டுச் சொட்டாக ஒரு கண்ணாடிக் கூஜாவில் வடித்தாய்.

"இன்னாடி, கஷாயம் மாதிரி வடிகட்டிகினு இருக்க?" என்றாள் பத்மா.

"அவசரப்படாதீங்கடி. இருபத்தெட்டு வருஷம் உள்ளயே அடஞ்சி கெடந்துது. கொஞ்சம் மூச்சு விடட்டும்."

முதல் வாயில் எனக்குத் துவர்ப்புதான் தெரிந்தது. இரண்டாவது வாயில், மழை பெய்து நின்றபின் வரும் வாசனை தொண்டைக்குள் இறங்கியது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ கண்ணை மூடியிருந்தாய். அவரோடு குடித்துக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். சரளாவும் பத்மாவும் கை கழுவப் போயிருந்தார்கள். என் மாமியார் ஐந்து வருடம் படுக்கையில் கிடந்தபோது, ஒரு நாள் அவருக்கு மலம் எடுக்கிற பீங்கானை அலசிக்கொண்டே, இவர் இன்றைக்கே போய்ச் சேரட்டும் என்று சாமியிடம் கேட்டேன் என்றும், அவர் போன அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்றும் சொன்னேன். நீ திகைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. என் கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாய். அவ்வளவுதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

சரளா எடுத்த போட்டோதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நால்வரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம். நமக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். மறுநாள் காலை என் நாத்தனார் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். என் கணவரின் அக்கா, அடுத்த தெரு. கூடத்தில் கணவரும் மகனும் இருந்தார்கள்.

"இது இன்னா கஸ்தூரி? புதங்கெழம பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. அவங்க கண்ணுல இது பட்டா இன்னா ஆவும்?"

அந்த ஒரு நிமிடத்தை எத்தனையோ தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆமாம் என்றிருக்கலாம். பேசாமல் நின்றிருக்கலாம். நான் சொன்னது இது: "எங்களுக்குத் தெரியாது அண்ணி. திராட்ச ஜூஸ்னு சொல்லிக் குடுத்தா. குடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அவ அங்கயே இருந்து பழகினவ இல்ல?"

கடைசி வாக்கியம் யாரும் கேட்காமலே வந்தது.

அன்று மாலைக்குள் ஊர் பூராவும் அது போய்விட்டது. ஜூஸ் என்று ஏமாற்றிக் குடும்பப் பெண்களுக்குச் சாராயம் கொடுத்தவள் ஆனாய். சரளா அப்போது பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. அவள் வாயைத் திறக்கவில்லை. பத்மா களம்பூருக்குப் போய்விட்டாள். எனக்கு இருவருடைய மௌனமும் சாட்சியாகப் போயிற்று. வார முடிவில் உன் வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். உன் அண்ணி தறிக்குழியைச் சிமெண்ட் போட்டு மூடச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

பத்து நாள் கழித்து நீ எங்கள் புடவைக் கடைக்கு வந்தாய். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தாய். அந்த மரியாதைகூட எனக்குக் கொடுத்தாய்.

"குடிக்கலன்னு சொல்லியிருந்தா, நானும் ஆமா அவ குடிக்கலன்னு சொல்லியிருப்பேன் கஸ்தூரி. நான் ஏமாத்திக் குடுத்தேன்னு ஏன் சொன்ன?"

"புள்ள கல்யாணம்டி" என்றேன். மடித்த புடவையை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா நடக்கட்டும்" என்றாய். உண்மையாகவே சொன்னாய் என்பதுதான் தாங்கவில்லை.

கடையிலிருந்து உன் வீட்டுக்குப் போகும் வழியில்தான் நாத்தனார் வீடு. அவருடைய அம்மாவைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதை அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் குடும்பம் அன்றோடு இரண்டாகியிருக்கும். அன்று ராத்திரி முழுக்க வாசல் கதவு தட்டப்படும் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து நீ புதுச்சேரிக்குப் போய்விட்டாய். மகன் கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

போன வருடம் சரளாதான் போன் செய்து சொன்னாள். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றாள். நான் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். வந்தவாசி தாண்டித் திண்டிவனம் வரை வந்தேன். அங்கே பஸ் மாற வேண்டும். அந்த வீட்டில் யாராவது, நீங்கள் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு பஸ்ஸை விட்டேன். பிறகு ஆரணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

பெங்களூரிலிருந்து திரும்பியதும், நேற்று முன்தினம், நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது முட்டி வலி, வெளியே அதிகம் வருவதில்லை. டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னேன். வைன் என்று தெரிந்தேதான் குடித்தேன், மூன்று கிளாஸ் குடித்தேன், அவள் எங்களை ஏமாற்றவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவர் அம்மாவைப் பற்றியது மட்டும் வாயில் வரவில்லை. அது உன்னோடு போகட்டும் என்று விட்டுவிட்டேனா, இன்னும் பயமா, தெரியவில்லை.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"ஊரெல்லாம் நான்தானே சொன்னேன்" என்றார். பிறகு, "எப்படி இருந்துது அது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். தக்கை உடைந்தது, நீ துணியில் வடித்தது, உன் கணவர் எங்களுக்காக எடுத்துவைத்தது, எல்லாம் சொன்னேன். அந்த வீட்டில் உன் பெயரைக் கூசாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முழுவதும் கேட்டார். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: "அப்பவே எங்கிட்ட சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு வுட்ருப்பேன் கஸ்தூரி."

நாலு திட்டு. அதை வாங்கிக்கொள்ள மனசில்லாமல்தான் உன்னை நான் ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாளாக அந்த நாலு திட்டையும் எனக்கு நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். போதவில்லை.