வாங்காத ரெண்டு வண்டி

குரும்பகரம்,
11.2.2009

அன்புள்ள தம்பி ராஜ்மோகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் கடவுள் புண்ணியத்துல நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு தினமும் விளக்கு ஏத்தும்போது அம்மா வேண்டிக்கிறா. எப்பவும் போன்ல நாங்க மூணு பேரும் சௌக்கியம்னுதான் சொல்லுவேன், இந்தத் தடவை ரெண்டு பேர்னு எழுதியிருக்கேன், கை தவறி எழுதலை, காரணத்தைக் கீழே சொல்றேன், ரூம்ல ஆளுங்க இல்லாத நேரமாப் பாத்துப் படி. போன் இருக்கும்போது அப்பா எதுக்குக் கடிதாசி போடுறார்னு நினைப்பே. போன் பேசும்போது அம்மா பக்கத்துல நின்னு என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பா, நீயும் கார்டு தீர்ந்துடும்னு அவசரப்படுவே, அந்த அவசரத்துல ரெண்டு மாசமா உன்கிட்ட நான் உண்மையைச் சொல்லலை. இன்னிக்கு பேங்குக்கு வந்தவன் காரைக்கால் போஸ்ட் ஆபீஸ் பெஞ்சுல உட்கார்ந்து இதை எழுதுறேன், எழுதி முடிச்சு இங்கேயே பெட்டியில போட்டுட்டுத்தான் பஸ் ஏறணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா கிழிச்சிடுவேன்.

கார்த்திகை மழையில நம்ம நாலு மா நிலத்துச் சம்பாவும் முழுகினது உனக்குத் தெரியும், தண்ணி வடிஞ்சு தேறினதை அறுத்தோம், சாப்பாட்டுக்கு நெல்லு வந்தது, விக்கிறதுக்கு இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, நீ அனுப்பின தைலத்தைத் தீர்ந்துடும்னு பயந்து தொட்டுத் தொட்டுப் போட்டுக்கிறா. கூரை ஓடு மாத்தியாச்சு. இதெல்லாம் நீ கேக்காத சமாச்சாரம், நீ கேட்டுக்கிட்டே இருக்கிறது வண்டி சமாச்சாரம், அதுக்கு வர்றேன்.

தீபாவளிக்குப் பேசும்போது நீ சொன்னது ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு. சார்ஜால கம்பெனி ஆளைக் குறைக்குது, ஏப்ரல்ல உனக்கும் காகிதம் கொடுத்துடுவான், ஆறு வருஷமா ரெக்கவரி வண்டி ஓட்டின அனுபவம் இருக்கு, ஊருக்கு வந்து பழசா ஒரு டீசல் ரெக்கவரி வண்டி எடுத்துப் போட்டா காரைக்கால்லேருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ரோட்டுல நிக்கிற வண்டி, கவுந்த வண்டி எல்லாம் இழுக்க நம்மகிட்டதான் வரணும், நம்ம ஊர்ல டீசலும் விலை கம்மி, குடிக்க வர்றவன் கூட்டமும் ஜாஸ்தி, தொழிலுக்குப் பஞ்சமே வராதுன்னு சொன்னே. வண்டி முன்னாடி வடிவாம்பாள்னு அம்மா பேரை எழுதணும், எழுத்து என்ன கலர்ல இருக்கணும்ங்கிறது வரைக்கும் சொன்னே. இத்தனை வருஷத்துல நீ அப்படிச் சிரிச்சுப் பேசி நான் கேட்டதில்லைப்பா. நீ அனுப்பி வச்ச பணத்துல வண்டிக்கே கொஞ்சம் குறையும், வேற எதுக்கும் அதைத் தொடாதீங்கன்னும் சொன்னே.

அதே வாரம் உன் தங்கச்சி தேவிகாவும் என்கிட்ட ஒண்ணு கேட்டா. மாயவரத்துலேருந்து அவ வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, மாப்பிள்ளை அடிச்ச அடியில இடது காது மந்தமாகி வந்து நின்னாளே, அப்புறம் ஒரு வருஷம் வாசலுக்கே வராம கிடந்தவ, ஆனி மாசம்தான் காரைக்கால்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல சீட்டு எழுதுற வேலைக்குச் சேர்ந்தா. சேர்ந்தப்புறம் அவ முகமே மாறிப்போச்சுன்னு அம்மாதான் உன்கிட்ட சொல்லியிருக்காளே. ஐப்பசி முதல் மழையிலேயே நம்ம ரோட்டுப் பாலம் உள்வாங்கினதுலேருந்து எட்டு மணி பஸ்ஸு ஊருக்குள்ள வர்றதில்லை, மெயின் ரோட்டோட திரும்பிடுது. மூணு கிலோமீட்டர் சேத்துல நடந்து போய் அவ பஸ் பிடிக்கணும், அங்கே வர்ற பஸ்ஸுங்க கூட்டம் ஏறி நிக்காமயே போயிடுது, எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் ஒன்பது மணிக்கு வேலையில நிக்க முடியறதில்லை. அதனால அப்பா, அண்ணன் பணத்துல ஒரு ஸ்கூட்டி எடுத்துக் குடுங்க, மாசா மாசம் கட்டி அடைச்சிடறேன்னா. பாப்போம்மான்னேன். ஒரு தடவைதான் கேட்டா, மறுபடி கேக்கலை. நானும் சொல்லலை. ஸ்கூட்டிக்குன்னு கொஞ்சம் எடுத்தா உன் வண்டிக்குப் பணம் ரொம்பக் குறைஞ்சுடும், உன் வண்டியை வாங்கினா இவளுக்குக் குடுக்க ஒண்ணும் மிஞ்சாது. ஒரு பக்கம் ஆம்பளைப் பிள்ளை பிழைப்பு, இன்னொரு பக்கம் தினம் வேலைக்குப் போய் வர ஒரு சின்ன வண்டி. நீ ஏப்ரல்ல வந்துடுவே, இவ இன்னும் கொஞ்ச நாள் நடந்துக்கட்டும்னு மனசுல ஒரு கணக்குப் போட்டேன்.

உன் வண்டியைப் பாக்க மார்கழி முதல் வாரம் நம்ம நெய்னா முகம்மதுவைக் கூட்டிக்கிட்டு நாகூர் பக்கம் போனேன். உனக்குத் தொழில் கத்துக் குடுத்தவர் ஆச்சே, ஒர்க் ஷாப்பைப் பூட்டிட்டு வந்தார். கருப்பையன்னு ஒருத்தர், என் வயசுதான், அவரோட வண்டி. முப்பத்தொரு வருஷம் கொம்யூன் பஞ்சாயத்துத் தண்ணி டேங்குல மோட்டார் ஓட்டினவன் நான், இன்ஜின் சத்தம் எனக்கும் தெரியும், ஸ்டார்ட் பண்ணினதும் நெய்னா என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்தேன், குறை சொல்ல ஒண்ணும் இல்லை. சங்கிலி, கொக்கி, பின்னாடி இழுக்கிற மோட்டார் எல்லாம் எண்ணெய் போட்டுப் புதுசு மாதிரி வச்சிருந்தார். பேசிக்கிட்டு இருக்கும்போதே அவருக்குப் போன் வந்தது, காரைக்கால் ரோட்டுல வாய்க்கால்ல ஒரு மீன் வேன் கவுந்து கிடக்குன்னு. வாங்கய்யா, வேலை செய்யறதையும் பாத்துட்டுப் போங்கன்னு எங்களையும் ஏத்திக்கிட்டார். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், நம்ம புள்ள சொன்னது சரிதான்னு நினைச்சேன், அடுத்தவங்க வண்டி கவுந்ததுக்குச் சந்தோஷப்பட்டேன் பாரு.

அங்கே போனா வேன் வாய்க்கால்ல ஒருக்களிச்சுக் கிடக்கு, ஐஸ் பெட்டி மிதக்குது, மீன் கொட்டிக் கிடக்கு. டிரைவருக்கு நெத்தியில காயம், பெருசா ஒண்ணும் இல்லை. வேனோட சொந்தக்காரங்க அமுதம்னு ஒரு அம்மா, காரைக்கால்மேட்டுல ஏலம் எடுத்து திருவாரூர் வரைக்கும் மீன் அனுப்புறவங்க, கரையில நின்னுக்கிட்டு இருந்தாங்க. கருப்பையன் கூலி சொன்னார், ஜாஸ்தியாச் சொல்லலை. அந்தம்மா சத்தம் போடலை, கெஞ்சலை, வேணாங்க நீங்க போங்க, எங்க ஆளுங்க வர்றாங்கன்னு மட்டும் சொன்னாங்க. அரைமணி நேரத்துல ரெண்டு லோடு வண்டியில காரைக்கால்மேட்டு ஆளுங்க நாப்பது அம்பது பேரு வந்து இறங்கிட்டாங்க, படகு இழுக்கிற கயிறையும் கொண்டாந்துட்டாங்க. பாதிப்பேரு தண்ணியில இறங்கிக் கட்டினாங்க, மீதிப்பேரு ரோட்டுல நின்னு, படகைக் கரையேத்தும்போது போடுவாங்களே அந்தச் சத்தம் போட்டு இழுத்தாங்க. நெய்னாவும் செருப்பைக் கழட்டி விட்டுட்டுப் போய்க் கயிறைப் பிடிச்சார். நாலே இழுவையில வேன் ரோட்டுக்கு வந்துடுச்சு தம்பி. ஒருத்தர் வேட்டியும் காயலை, ஒருத்தரும் காசு கேக்கலை, அள்ளின மீன்ல ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கருப்பையன் வண்டியில இருந்து இறங்கவே இல்லை.

திரும்பி வரும்போது அவர் தானாச் சொன்னார். ஐயா, உங்க முகத்தைப் பாத்தா பொய் சொல்லி விக்கத் தோணலை, இந்த ரோட்டுல வண்டி கவுந்தா டிராக்டர் வந்துடுது, இல்லேன்னா இந்த மாதிரி ஊரே வந்துடுது, பெரிய லாரிக்குத் திருச்சியிலேருந்து கிரேன் வருது, எனக்கு மாசம் மூணு போன் வந்தா பெருசு, அதுலேயும் ஒண்ணு இன்னிக்கு மாதிரி வெறுங்கையா திரும்புறதுதான், உங்க பையன் அங்கே ஓட்டுற ரோடு வேற, இது வேறன்னார். நெய்னாவும் இறங்கும்போது, அண்ணே வண்டி தங்கம், தொழில்தான் இல்லை, தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னார்.

அன்னிக்கு நீ போன் பண்ணினே. வண்டி எப்படிப்பான்னு கேட்டே. நல்ல வண்டி, பேசிக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். அது பொய் இல்லை, ஆனா நீ கேட்டது அது இல்லைன்னு எனக்குத் தெரியும். ரூம்ல எல்லாருக்கும் சொல்லிட்டேம்ப்பான்னே. அடுத்த வாரம் சொல்லலாம், பொங்கல் கழிச்சுச் சொல்லலாம்னு தள்ளினேன். வேண்டாம்னு உன்கிட்ட சொல்லாம அந்தப் பணத்துல கை வைக்கவும் மனசு வரலை, அதனால ஸ்கூட்டியும் எடுக்கலை. உன் வண்டியும் இல்லை அவ வண்டியும் இல்லைன்னு ஒரு மாசத்துக்கு மேல பேங்க் புஸ்தகத்தை எடுத்து எடுத்துப் பாத்து உள்ளே வச்சுக்கிட்டு இருந்தேன். காலையில ஆறரைக்கெல்லாம் அவ புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கிப் போறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும், சாயங்காலம் வந்தவ காலைக் கழுவிட்டு, நாளையிலேருந்து அந்த நடை இல்லைப்பான்னா. பஸ்ஸு ஊருக்குள்ள வரப்போகுதாக்கும்னு நான் கேட்டேன், அவ்வளவு மடையன் நான். தினமும் லேட்டா வந்தா வேற ஆள் பாத்துக்கறோம்னு சொல்லியிருந்தாங்களாம், பாத்துட்டாங்களாம். மறுநாளே கைருன்னிஸான்னு கூட வேலை பாக்குற பொண்ணு இவ டிபன் பாக்ஸையும் குடையையும் கொண்டுவந்து குடுத்துட்டு, பாவம் தேவிகா அக்கா ஒரு நாள்கூட நடந்து வந்ததில்லை, ஓடியேதான் வருவாங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு அழுதுட்டுப் போச்சு. நான் சட்டையை மாட்டிக்கிட்டு, வாம்மா இப்பவே போய் ஸ்கூட்டி எடுத்துடலாம்னேன். எங்க போறதுக்குப்பான்னு கேட்டா. கோவமாக் கேக்கலை, நிஜமாவே கேக்குற மாதிரிதான் கேட்டா. சட்டையைக் கழட்டித் திரும்பவும் ஆணியில மாட்டினேன்.

அதுக்கப்புறம் வீட்டுல நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன். போன மாசக் கடைசியில மாப்பிள்ளை வீட்டுலேருந்து அவங்க பெரியப்பா வந்தார், பையன் திருந்திட்டான், குடியை விட்டுட்டான், அழைச்சுக்கிட்டுப் போறோம்னார். இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை வந்தாங்க, அப்பெல்லாம் தேவிகா உள்ளேருந்தே மாட்டேன்னு சொல்லி அனுப்பினா. இந்தத் தடவை அவளே வந்து உட்கார்ந்து கேட்டா. அம்மா, போயிட்டு வாடி, எத்தனை நாளைக்கு இப்படின்னா, அம்மாவைக் குறை சொல்லாதே, அவளுக்கு எங்களுக்குப் பிறகு என்னங்கிற பயம். நான் வேண்டாம்மான்னேன். அவ என்னைப் பாத்து, இங்கே இருந்து என்னப்பா பண்றதுன்னா. போன வெள்ளிக்கிழமை நானேதான் பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து வாங்க மாமான்னார், வாயில வாசனை இருந்தது, காலையில பதினோரு மணி. தேவிகாவுக்கும் தெரிஞ்சிருக்கும், தெரியாத மாதிரி உள்ளே போயிட்டா. நானும் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுக் கிளம்பி வந்துட்டேன் தம்பி. அண்ணன்கிட்ட இந்த வண்டி சமாச்சாரமெல்லாம் சொல்லாதீங்க, மனசு விட்டுடுவார்னு கிளம்பும்போது சொன்னா, அதையும் மீறித்தான் எழுதுறேன்.

கருப்பையன் வண்டி போன மாசமே போயிடுச்சு, கேரளாக்காரர் யாரோ பாகம் பாகமாப் பிரிச்சுக்க வாங்கிட்டுப் போயிட்டாராம், நெய்னா சொன்னார். வேற வண்டி பாருங்கன்னு நீ சொல்லாதே. ரெக்கவரி வண்டியை நம்பி வராதே. அப்ப வேற எதை நம்பி வர்றதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது, துறைமுகம் வருதுங்கிறாங்க, இங்கே வேலை இல்லாம நிக்கிற பசங்க நூறு பேரு அதையேதான் சொல்லிக்கிட்டு நிக்கிறாங்க. வேலையை எடுக்கலேன்னா அங்கேயே பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. எடுத்துட்டா வா. வீடு இருக்கு, சாப்பாட்டுக்கு நெல்லு இருக்கு, அதுக்கு மேல வேற ஏதோ இருக்குன்னு சொல்லி உன்னை ஏமாத்த இனிமே என்னால முடியாது. அம்மா மட்டும் சித்திரைக்குள்ள அவனை வரச் சொல்லி எழுதுங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கா, அதையும் எழுதிட்டேன்.

பணம் அப்படியே இருக்கு. தேவிகா என்னிக்காவது திரும்பி வந்தா, அன்னிக்கே அதுல எடுத்து அவளுக்கு வண்டி வாங்கிடுவேன், உன்னைக் கேக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். வருவாளான்னு தெரியலை. என் மேல கோவம் இருந்தா கோவப்பட்டு எழுது, போன்ல வேண்டாம், அம்மா கேட்டுக்கிட்டு இருப்பா.

வெயில்ல தலைக்குத் துணி கட்டாம வேலை பாக்காதே. நம்ம குலதெய்வம் உனக்குக் காவலா இருந்து, போற இடமெல்லாம் நல்ல மனுஷங்களையே காட்டணும். ஒண்ணே ஒண்ணு மறக்காதே, வெள்ளிக்கிழமை தோறும் மாயவரத்துக்குப் போன் பண்ணு, நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கேன். மாப்பிள்ளை எடுத்தா மரியாதையாப் பேசு, சாப்பிட்டாச்சான்னு கேளு, அவ வேலையா இருக்கா, தூங்குறான்னு சொன்னா சரின்னு வச்சுடாதே. எழுப்பச் சொல்லு, நான் காத்திருக்கேன்னு சொல்லு, அவ குரலைக் கேட்டுட்டு வை. கார்டு தீர்ந்தா தீரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வைத்தியலிங்கம்