பந்து யார் மேல் பட்டது

வாத்தியாரே,

பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். முற்றத்துத் தொட்டியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது புகைந்து கொதித்தது. அந்தக் காரமான வாசனை மாடி வரை ஏறி வந்து, நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஆபீஸ் வேலையைக் கெடுத்துவிட்டது. கட்டுகளை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் இதே வாசனை உன் மேல் அடிக்கும். அடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவைத் தட்டித் தட்டி, நம் பூப்பந்து மைதானத்துக்கு நீ கோடு போட்டுக்கொண்டிருப்பாய். கோடு பாதியில் வளைந்து போகும். "கணக்கு வாத்தியார் போடற கோடாய்யா இது?" என்று நான் கேட்பேன். "நேராப் போடணும்னா பி.ஏ. படிச்சவன் வந்து குனியட்டும்" என்பாய், நிமிராமலே. என் பட்டத்தை வைத்து என்னைக் கூப்பிட்டவன் நீ ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது ஞாபகமே இல்லை. ஆபீசில் யாருக்கும் நிச்சயமாக இல்லை.

கச்சேரி சாலைக்குப் பின்னால், தென்னந்தோப்பை ஒட்டிய அந்தக் காலிமனையில் தினம் விடியற்காலை ஆடினோம். வெயில் ஏறிக் கடற்காற்று எழும்பிவிட்டால் கம்பளிப் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. நீ சாந்தோம் மாதா கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு சைக்கிளில் நேராக வருவாய். யுத்தத்தில் கம்பளி கிடைக்காமல் போனபோது உன் மனைவி பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்துப் பந்து சுற்றி, மஞ்சள் சாயம் போட்டுக் கொடுத்தாள். இரண்டு நாள் நம் உள்ளங்கையெல்லாம் மஞ்சள்.

நாற்பது வயதுக்காரர்களுக்கு விளையாட்டு எதற்கு என்று என் மாமனார் கேட்டார். உடம்புக்கு நல்லது என்று ஏதோ சொன்னேன். உண்மை அது இல்லை. ஆபீசில் ஒரு தப்பு நடந்தால் அது பத்து மேஜைகளைச் சுற்றிவிட்டு, யார் செய்தது என்று தெரியாமல், கடைசியில் வாயில்லாத ஒருவன் தலையில் போய் விடியும். பெரும்பாலும் என் தலையில். மைதானத்தில் அப்படி இல்லை. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது அல்லது வெளியே விழுந்தது. அடித்தவன் யார், விட்டவன் யார் என்று பத்துப் பேருக்கும் தெரியும். சிபாரிசு செல்லாது. ஒரு நாளில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு நியாயம் கிடைத்தது. அதற்காகத்தான் வந்தேன்.

அந்த நியாயத்துக்கு நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. பந்து உடம்பிலோ துணியிலோ உரசினால் அது தப்பு, பாயிண்ட் எதிரணிக்கு. நடுவருக்குத் தெரியாமல் போகலாம். பட்டவனே கை தூக்கிச் சொல்ல வேண்டும். எத்தனையோ முறை நானே தூக்கியிருக்கிறேன். ஒன்றும் ஆகாத ஆட்டங்களில்.

மாம்பலத்து அணி வந்த ஞாயிற்றுக்கிழமை வேறு. அவர்களுக்குத் தலைவர் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு. எனக்கு நான்கு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு முன்னால் நாற்காலி ஏறியவர். நான் எழுதிய குறிப்பில் தன் கையெழுத்தைப் போட்டுப் பாராட்டு வாங்கியவர். அவரை ஒரே ஒரு முறை, நாலு பேர் பார்க்க, ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. அது உனக்கும் தெரியும். "இன்னாய்யா பி.ஏ., பல்லைக் கடிச்சிக்கினு நிக்கிறே? பந்தா அது, கொய்யாக்காயா?" என்று நீ சிரித்தாய்.

இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் நமக்கு. பின்வரிசையில் நீயும் நானும் அடுத்தடுத்து நின்றோம். சூப்பிரண்டு ஓங்கி அடித்தார். பந்து வெளியேதான் போகும் என்று தெரிந்து இருவரும் ஒதுங்கினோம். அது கோட்டைத் தாண்டி விழுந்தது. நடுவராக நின்ற டிரில் மாஸ்டர் "அவுட்" என்றார். நம்மவர்கள் கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள்.

போகிற வழியில் அது என் வேஷ்டியின் ஓரத்தை உரசியது. துணி லேசாக ஆடியது. எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்தது.

நீ கை தூக்கினாய். "பட்டுது, மாஸ்டர்."

உன் மேல் பட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நம் வழக்கப்படி வேறு எப்படி நினைப்பார்கள்? பாயிண்ட் அவர்களுக்குப் போயிற்று. அடுத்த இரண்டையும் இழந்து தோற்றோம். "வாயை மூடிக்கினு இருக்கக் கூடாதா வாத்தியாரே?" என்று நம் பையன்கள் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். "வாய் சும்மாத்தான் இருந்துச்சு, கை போயிடுச்சு" என்றாய். அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். "இதுக்கு உன்னை விட்டுட்டு நாலு பேராவே ஆடியிருக்கலாம்" என்றேன். சூப்பிரண்டு அதைக் கேட்டுச் சிரித்தார். நீ என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, வலையை அவிழ்க்கப் போய்விட்டாய்.

மறுநாளிலிருந்து நான் வரவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் வாசலில் உன் சைக்கிள் மணி கேட்டது. "பி.ஏ.! காத்து எழும்பறதுக்குள்ள வாய்யா!" நான் விழித்துக்கொண்டு, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். தூங்குகிறார் என்று என் மனைவி சொல்வாள். பிறகு மணி நின்றுவிட்டது.

தோற்றதற்காக நான் கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். இல்லை. என் தப்பை நீ சுமந்தாய் என்பதற்காகவும் இல்லை. நீ எனக்கு அவகாசம் கொடுக்கவில்லை. நானே கை தூக்கியிருப்பேன். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்திருந்தால் போதும். நான் சொல்லமாட்டேன் என்று எப்படி முடிவு செய்தாய்? வாழ்நாளெல்லாம் என்னைக் கேட்காமலே என்னைப் பற்றி முடிவு செய்தவர்களோடு நீயும் சேர்ந்துகொண்டாய். இப்படித்தான் ஆறு வருஷம் எனக்குள் வாதாடினேன். கேட்பாரில்லாத கோர்ட்டில் ஒவ்வொரு நாளும் நானே ஜெயித்தேன்.

நெஞ்சில் நோய் முற்றி உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, சென்ற ஆடியில் வந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தாய். "வாய்யா பி.ஏ., தூக்கம் கலைஞ்சிச்சா?" என்றாய். உட்கார்ந்தேன். ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசினேன். பிறகு கேட்டே விட்டேன். "அந்த மாம்பலத்து மேட்சுல, நான் சொல்லமாட்டேன்னு நினைச்சியா?"

"எந்த மேட்சு?"

"கடைசிப் பாயிண்ட். நீ கை தூக்கினியே."

நீ மோட்டுவளையைப் பார்த்து யோசித்தாய். "நாம எத்தினியோ தோத்தோம்யா. உனக்கு இடது பக்கம் பந்து வந்தப்பல்லாம் தோத்தோம்." சிரிப்பு இருமலாக மாறியது. உன் மனைவி ஓடிவந்து முதுகைத் தடவினாள். நான் எழுந்து வந்துவிட்டேன். ஆறு வருஷமாக நான் காத்துவைத்திருந்ததை நீ மறந்தே போயிருந்தாயா, அல்லது மறந்த மாதிரி நடித்தாயா? அதையும் நீ சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்தோம். கல்லறையிலிருந்து திரும்பி உன் வீட்டுக் கூடத்தில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தோம், பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும். சூப்பிரண்டும் வந்திருந்தார். அவர்தான் ஆரம்பித்தார். "அம்பயரே அவுட்டுன்னு சொல்லிட்டார். ஆட்டம் முடிஞ்சுது. இந்த மனுஷன் தானா கை தூக்கறார்! அந்த மாதிரி ஒருத்தனை நான் அதுக்கப்புறம் பார்க்கலை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்க் கண்ணீர் என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

உன் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்கதானே பக்கத்துல நின்னீங்க? நெசமாவே அவர் மேலதான் பட்டுச்சா? அன்னைக்கு வூட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசலை. சாப்பிடக்கூட இல்லை. இன்னா நடந்துச்சுன்னு நானும் கேட்டுக்கினே இருந்தேன், கடைசி வரைக்கும் சொல்லலை."

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேண்டியதைவிட அதிக நேரம் இருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "அவர் மேலதான் பட்டுது."

அவள் தலையாட்டிக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடினாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு விதமாக ஞாபகம் வருகிறது. நான் இத்தனை வருஷமும் அதைக் குறுக்கி வைத்திருந்தேன். டிரில் மாஸ்டர் அவுட் சொன்னார். நம்மவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். ஒருவன் என்னைத் தோளில் கூடத் தூக்கினான். அதற்குள் நீ என்னை இரண்டு முறை பார்த்தாய். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை, கேட்பது போல. அவன் என்னைக் கீழே இறக்கிவிட்டான். நான் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் உன் கை மேலே போயிற்று.

நீ அவசரப்படவில்லை, வாத்தியாரே. என்னால் ஆகாது என்று தெரிகிற வரைக்கும் காத்திருந்தாய்.